பி.எஃப்.ஏ. காம்போசிஷன் தேர்வு: ஆளை வரையும் முன் கோடுகளைச் சாய்த்துப் பாருங்கள்

முதல் முறை பி.எஃப்.ஏ. என்கிற நுண்கலைப் பட்டப்படிப்பின் நுழைவுத் தேர்வுக்குப் போனபோது, கொடுத்த தலைப்புக்குப் படம் அமைத்து வரைகிற காம்போசிஷனுக்கு வந்தது ‘மழையில் பஸ் ஸ்டாண்ட்’. எனக்கு ஆள் வரைய வரும், பஸ் வரைய வரும், குடைக் கம்பியைக்கூட எண்ணி எண்ணி வரைந்துவிட்டு, சீட் கிடைத்த மாதிரிதான் என்று வெளியே வந்தேன். கிடைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து அதே படத்தை நினைவிலிருந்து வரைந்து பார்த்தபோதுதான் உறைத்தது. பஸ் படுக்கைக் கோடு, கூரை படுக்கைக் கோடு, தூண்கள் செங்குத்து, ஆட்களும் தூண் மாதிரியே செங்குத்து, மழைகூட நூல் பிடித்தது போல நேராக இறங்குகிறது. நனையாமல் ஓடி ஒதுங்குகிற பதற்றம் ஒரு சொட்டும் இல்லை, ஏதோ ரேஷன் கடை வரிசை போல எல்லாரும் நிம்மதியாக நிற்கிறார்கள்.

படுக்கைக் கோடு அமைதி, செங்குத்துக் கோடு கம்பீரம், சாய்வு வேகம், வளைவு மென்மை. இதை எல்லாப் பயிற்சி வகுப்பிலும் முதல் வாரமே சொல்லிவிடுவார்கள், நானும் நோட்டில் எழுதிதான் வைத்திருந்தேன். ஆனால் அது கண்ணுக்குள் இறங்கியது மாமல்லபுரத்தில்தான். அங்கே மகிஷாசுரமர்த்தினி குகையில் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு பெரிய புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன, இரண்டும் பல்லவர் வேலை. ஒரு பக்கம் திருமால் பாம்பணையில் நீட்டிப் படுத்திருக்கிறார், நீளமான ஒரே படுக்கைக் கோடு. திரும்பினால் சிங்கத்தின் மேல் துர்க்கை வில்லோடு முன்னே பாய்கிறாள், எருமைத் தலை அசுரன் கதாயுதத்தைப் பிடித்தபடியே பின்னால் சாய்கிறான். அவன் விழவில்லை, இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறான், ஆனாலும் உடம்பின் சாய்வைப் பார்த்தாலே சண்டை யார் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடுகிறது. முகங்களை மறந்துவிட்டு முதுகு, கால், ஆயுதம் மட்டும் பென்சிலால் ஐந்தாறு கோடாக எடுத்துப் பாருங்கள். பஸ் கட்டணம் அதற்கே சரியாகப் போயிற்று.

அப்புறம் வீட்டில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். தென்னந்துடைப்பத்திலிருந்து ஆறு ஈர்க்குச்சியை உருவி, சாணளவு ஒடித்து, ஒரு ஏ4 தாளின் மேல் போட்டு நகர்த்திக்கொண்டே இருப்பேன் (துடைப்பம் இளைத்ததற்கு அம்மாவிடம் வாங்கிய திட்டு தனிக் கணக்கு). எல்லாவற்றையும் படுக்க வைத்தால் மதியத் தூக்கம். ஒன்றை மட்டும் லேசாகச் சாய்த்தால் ஏதோ நடக்கப்போகிற மாதிரி. ஆறையும் ஆறு பக்கம் சாய்த்தால் பதற்றம் கூடும் என்றுதான் நினைப்போம், கூடாது, வெறும் குப்பை மாதிரி கிடக்கும், கண் எதையும் பிடித்துக்கொள்ளாது. ஐந்து ஒரே பக்கம் சாய்ந்து ஒன்று மட்டும் எதிர்த்து நின்றால்தான் இழுவை வருகிறது. இன்னொன்று, நாம் இடமிருந்து வலமாகப் படிப்பதாலோ என்னவோ, இடது கீழ் மூலையிலிருந்து வலது மேலே போகிற கோடு எனக்கு ஏறுவது போலவும், இடது மேலிருந்து வலது கீழே வருவது சரிவது போலவும் தெரியும். சைக்கிள் மேடேறுகிற படத்தைக் கண்ணாடியில் திருப்பிப் பாருங்கள், உங்களுக்கும் அப்படித்தானா என்று தெரிந்துவிடும்.

எதிர்த்து நிற்கிற அந்த ஒரு கோட்டுக்கு நல்ல உதாரணம் நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1893-இல் வரைந்த ‘அலறல்’. வானம் வளைந்து நெளிகிறது, பாலத்தின் கைப்பிடி சரேலென்று குறுக்கே ஓடுகிறது, அலறுகிற உருவமும் நெளிகிறது. எல்லாரும் அந்த முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது பின்னால் தெரிகிற இரண்டு பேரை. அவர்கள் நேராக இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அவர்களும் நெளிந்திருந்தால் பயம் பாதியாகியிருக்கும் என்பது என் கணக்கு.

சரி, தேர்வு அறைக்கு வருவோம். தலைப்பு வந்ததும் தாளின் மேல் கை வைக்காதீர்கள். முதல் இருபது நிமிடம் தீப்பெட்டி அளவில் நான்கு கட்டம், ஒவ்வொன்றிலும் ஐந்தே கோடு, ஆளும் கிடையாது மரமும் கிடையாது. எந்தக் கட்டம் தலைப்பின் மனநிலையைச் சொல்கிறதோ அதைப் பெரிய தாளில் 2பி பென்சிலால் மெல்லப் போட்டுவிட்டு, பிறகு வரைகிற கை, நிழல், கயிறு, பார்வை எல்லாவற்றையும் அந்தக் கோடுகளில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். பார்வையும் கோடுதான், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முக்கியக் கோடு சரியாகத் தாளின் மூலையில் போய் முட்டினால் கண் அப்படியே வெளியே வழுக்கிவிடும், இரண்டு விரல் தள்ளி முடியுங்கள். ஷேடிங் பிரமாதமாக இருக்கிறதே என்று இதில் சமரசம் செய்யாதீர்கள்.

இரண்டாவது முறை எனக்கு வந்தது ‘புயலுக்கு முன் மீனவக் குப்பம்’. தென்னைகள் வலப்பக்கம் சாய, காயப்போட்ட வலை அதே பக்கம் உப்பி நிற்க, நான்கு பேர் படகைக் கரையேற்றுகிற கயிறு எதிர்ப்பக்கம் விறைத்திருந்தது. ஓரத்தில் ஒரு பாட்டியைக் கைகட்டி, நட்டுவைத்த மாதிரி நேராக, கடலைப் பார்த்தபடி நிற்க வைத்தேன். கண்காணிப்புக்கு வந்த ஆசிரியர் என் பின்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “ஏம்ப்பா, பாட்டிக்கு மட்டும் காத்து அடிக்கலையா?” என்றார்.

“அவங்க நிறைய புயல் பாத்தவங்க சார்” என்றேன். ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அந்த வருடம் சீட் கிடைத்தது.