கொடியின் பெயரில் ஒரு கஷாயம்

அமேசான் காட்டுப் பழங்குடி மக்கள் சடங்கில் பயன்படுத்தும் அயவாஸ்கா கஷாயம் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு நேராக டிஎம்டி என்ற ஆல்கலாய்டுக்கு, அதாவது செடியில் இருக்கும் ஒருவகை வேதிப்பொருளுக்கு, போய்விடுகிறது. கண்ணை மூடினால் காட்சிகள் ஓடுவது அந்த ஆல்கலாய்டால்தான், சரி. ஆனால் அது இருப்பது சக்ருனா செடியின் இலையில். கஷாயத்துக்குப் பெயரோ இலையோடு சேர்த்துக் கொதிக்கவிடும் கொடியின் பெயர். கெச்சுவா மொழியில் 'ஆயா' என்றால் ஆவி, 'வாஸ்கா' என்றால் கயிறு, கொடி. ஏன் கொடிக்கு இவ்வளவு மரியாதை என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை.

இலையை மட்டும் காய்ச்சிக் குடித்தால் அந்தக் காட்சிகள் வராது. குடலிலும் கல்லீரலிலும் உள்ள மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி, மூளைக்குப் போவதற்கு முன்பே டிஎம்டியைச் சிதைத்துவிடும். கொடியில் இருக்கும் ஹார்மைனும் ஹார்மலினும் அந்த நொதியைச் சில மணி நேரம் கட்டிப்போடுகின்றன, அந்த இடைவெளியில்தான் இலை வேலை செய்கிறது. அத்தனை ஆயிரம் செடிகள் உள்ள அமேசான் காட்டில் இந்த இரண்டை எப்படிச் சேர்த்தீர்கள் என்று கேட்டால், செடிகளே சொல்லிக்கொடுத்தன என்பார்கள் அங்குள்ள வைத்தியர்கள். அதைக் கேட்டுச் சிரிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. வேதியியல் இந்த விளக்கத்துக்கு வந்து சேர்ந்தது இருபதாம் நூற்றாண்டில்தானே!

1852இல் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் அமேசான் பகுதியில் உள்ள வௌப்பேஸ் ஆற்றுப் பக்கம் துக்கானோ மக்கள் இந்தக் கொடியைப் பயன்படுத்துவதைப் பார்த்து எழுதினார். அவர் அனுப்பிய தண்டுகளை நூறு வருடத்துக்கும் மேல் கழித்துச் சோதித்தபோதும் ஆல்கலாய்டு அதில் அப்படியே இருந்தது. இடையில் 1920களில் இந்தக் கொடியிலிருந்து பிரித்த பொருளுக்கு டெலிபதியை, அதாவது பேசாமலே மனதோடு மனம் பேசுவதை, நினைத்து 'டெலிபதைன்' என்றே பெயர் வைத்தார்கள், அப்புறம் பார்த்தால் அது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேறொரு செடியின் விதையில் கண்டுபிடித்திருந்த ஹார்மைன்!

பெருவின் உகயாலி ஆற்றுப் பக்கம் வாழும் ஷிபிபோ மக்களின் சடங்கு இரவில், இருட்டில் நடக்கும். வைத்தியர் மபாச்சோ புகையிலையை ஊதி, இகாரோ என்ற பாடல்களைப் பாடுவார். யாருக்கு எந்தப் பாட்டு என்பதை அவர்தான் முடிவு செய்வார். பழைய வழக்கத்தில் பல நேரம் கஷாயம் குடிப்பவர் வைத்தியர்தான், நோயாளி சும்மா படுத்திருப்பார். வாந்தி வந்தால் உடம்பு சுத்தமாகிறது என்பார்கள். வைத்தியர் என்ற இடத்துக்கு வர அவர் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், உப்பும் சர்க்கரையும் இல்லாத பத்தியம் இருந்து கற்றவர். 2008இல் பெரு அரசு இந்தப் பாரம்பரியப் பயன்பாட்டைத் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது.

இதையெல்லாம் விட்டுவிட்டுக் கஷாயத்தை மட்டும் தேடிப் போகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. மனச்சோர்வுக்கு எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரை எடுப்பவர் இதைக் குடித்தால் அதே நொதி சிதைக்கும் இன்னொரு பொருளான செரோடோனின் உடம்பில் அளவுக்கு மீறி ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். எல்லாரும் பேசும் டிஎம்டியைவிட, அந்த நொதியைக் கட்டிப்போடும் கொடிதான் இதற்கு முக்கியக் காரணம்.