ஆர்எக்ஸ் 100: கழன்று விழுந்தவற்றின் குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கில், சீட்டுக்குக் கீழே பக்கவாட்டை மூடும் இடது சைடு கவரைக் காணோம். முடிச்சூர் சாலையில் எங்கோ விழுந்திருக்கிறது. டார்ச்சோடு திரும்பிப் போய்த் தேடினேன், கிடைக்கவில்லை.

இந்த வண்டியின் சைடு கவருக்கு நட்டு போல்ட் எதுவும் இல்லை. கவரின் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் கொம்புகள், சட்டத்தில் உள்ள ரப்பர் புஷ்ஷுக்குள் அழுந்தி நிற்கும், அவ்வளவுதான். வெயிலில் ரப்பர் இறுகிப் போனால் பிடி விட்டுவிடும். டூ-ஸ்ட்ரோக் அதிர்வு மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். வலது கவரும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் கொம்புகளில் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிச் சுற்றி அழுத்தினேன். இப்போது இழுத்தாலும் வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

தெருவுக்குள் நுழையும்போதே சத்தம் காதைக் கிழித்தது. எதிர்வீட்டு அக்கா, "தம்பி, இந்த வயசுல நீயுமா?" என்று கேட்டார். பையன்கள் சத்தத்துக்காகவே கழற்றி எறியும் பேஃபிள் குழாய் என் வண்டியில் தானாகவே பாதி வெளியே வந்திருந்தது. சைலன்சர் வாலில் அதைப் பிடித்திருந்த சின்ன போல்ட் போய்விட்டது.

குழாயை உருவினால் உள்ளே, பெட்ரோலோடு சேர்ந்து எரியும் டூ-டி ஆயிலின் கரி அப்பிக் கிடந்தது. அடுப்பில் வைக்க வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. மொட்டை மாடியில் செங்கல் கூட்டி விறகுத் தீயில் சுட்டு, ஆறியதும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். புகையின் பக்கம் நிற்கக் கூடாது. ஹார்டுவேர் கடையில் வாங்கிய 6 எம்எம் போல்ட்டின் தலையில் துளை போட்டு, ஸ்பிரிங் வாஷரோடு முடுக்கி, கட்டுக்கம்பியால் சைலன்சரோடு சேர்த்துக் கட்டினேன். இனி தளர்ந்தாலும் கீழே விழாது.

ஜூன் 8, ஞாயிறு

வண்டி முழுக்கத் தடவிப் பார்த்ததில் இன்னும் சில போல்ட்டுகள் இல்லை. கடையில் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 6 எம்எம் என்றால் தொல்லையில்லை, வண்டியில் இருப்பதற்கும் கடையில் கிடைப்பதற்கும் 10ஆம் நம்பர் ஸ்பானர்தான். 8 எம்எம் போல்ட்டுக்கு ஜப்பான் வண்டிகளில் 12ஆம் நம்பர் தலை, கடையில் கிடைப்பதற்கு 13. மரை ஒன்றுதான் என்பதால் ஸ்பானர் மாறுவதோடு போகும்.

வினை 10 எம்எம்மில்தான். வண்டியில் மரை இடைவெளி 1.25, கடையில் சாதாரணமாகத் தருவது 1.5. முதல் ஓரிரு சுற்று நல்லபிள்ளை மாதிரி ஏறிவிட்டு அப்புறம் இறுகும். அங்கே பலத்தைக் காட்டினால் அலுமினியத்தின் மரை போய்விடும், பிறகு லேத் பட்டறைதான் கதி. பழைய போல்ட்டையும் புதியதையும் மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல்லும் பள்ளமும் இடைவெளி இல்லாமல் பொருந்தினால் வாங்கலாம்.

ஜூன் 10, செவ்வாய்

செயின் டைட் வைக்கப் போனால் பின்சக்கர அச்சு நட்டில், அது கழலாமல் பூட்டி வைக்கும் காட்டர் பின் இல்லை. "ஒரு ஆணியை வளைச்சு விடுடா, நான் வருஷக்கணக்கா அப்படித்தான் ஓட்டினேன்" என்றார் அப்பா. வண்டி அவருடையதுதான், 1993இல் வாங்கியது. ஆனாலும் சக்கரத்திலும் பிரேக்கிலும் எனக்கு அந்தத் துணிச்சல் வராது. காட்டர் பின் ஒரு டீயின் விலைகூட இல்லை. வாங்கிப் போட்டேன். கையோடு, செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கிளிப்பான செயின் லாக்கையும் பார்த்துக்கொண்டேன். அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது உரசித் திறந்துகொள்ளும்.

ஜூன் 14, சனி

எழும்பூரில் இறங்கி, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்கு நடந்தேன். ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996இலேயே நின்றுவிட்டது, ஆனாலும் அந்தத் தெருக்களில் அது இன்னும் சாகவில்லை. கவர் பொருந்துமா என்று பார்க்க ஒரு வேலை செய்திருந்தேன். செய்தித்தாளைச் சட்டத்தின் மேல் விரித்து, கிரீஸ் விரலால் புஷ் ஓட்டைகளை அச்செடுத்துக் கொண்டு போனேன். புதிய டூப்ளிகேட் கவர்கள் பளபளவென்று இருந்தன, அச்சில் வைத்தால் கொம்பு விலகி நின்றது. கடைசியில் ஒரு குவியலுக்கு அடியில், கொம்பு ஒன்று ஒடிந்த பழைய ஒரிஜினல் கிடைத்தது.

"உடைஞ்சதுக்கு இந்த விலையாண்ணே?"

"ஒரிஜினல் தம்பி. உடைஞ்சாலும் ஒரிஜினல்."

கொஞ்சம் குறைத்தார்.

ஜூன் 17, செவ்வாய்

கவரின் உள்மூலையில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டேன், பிசுபிசுத்தது. அசிட்டோனில் கரையும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்தான். பழைய ரிமோட்டின் கூடும் அதே சோதனையில் தேறியது. அதை நொறுக்கி, கண்ணாடிப் பாட்டிலில் அசிட்டோனில் ஞாயிறு இரவு ஊறவைத்திருந்தேன். நேற்றுக் காலை கூழாகியிருந்தது. ஒடிந்த கொம்பின் அடியில் ஒரு திருகாணியைச் சால்டரிங் அயர்னால் சுட்டு இறக்கி, அதைச் சுற்றிக் கூழைப் பூசிப் பூசிக் கொம்பு வளர்த்தேன். ஃபெவிக்விக்கும் சமையல் சோடாவும் சேர்த்தால் நொடியில் கல்லாகிவிடும் என்று நண்பன் சொன்னான். உண்மைதான், ஆனால் அந்தக் கல்லுக்கு வளையத் தெரியாது, இந்த அதிர்வில் விண்டுவிடும். கூழ் காய இன்னும் ஒரு நாளாவது விட வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

அரத்தால் ராவி, டியூப் வளையம் போட்டு அழுத்தினேன். 'டக்'கென்று உட்கார்ந்தது. வண்டி செர்ரி சிவப்பு, இந்தக் கவர் மட்டும் கறுப்பு. பெயின்ட் அடிக்கட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். "வேண்டாம், திருடனுக்குப் பிடிக்காத மாதிரியே இருக்கட்டும்" என்றார். சனிக்கிழமை பெட்ரோல் டேப்பைக் கழற்ற வேண்டும், லேசாகக் கசிகிறது.