ஷட்கோணமும் ஓர் ஈர்க்குச்சியும்

கந்த சஷ்டி வந்தால் திருப்பரங்குன்றம் பக்கம் பல வீடுகளில் ஷட்கோண தீபம், அதாவது ஆறுமுனை நட்சத்திரக் கோலத்தில் வைக்கும் விளக்குகள், எரியும். கோலத்தைக் கவனித்தால் ஒரு முனை நீண்டும் இன்னொன்று சூம்பியும் இருக்கும். எடுத்த எடுப்பில் முக்கோணம் போடுவதால் வரும் வினை அது. முதலில் வட்டம் வேண்டும்.

18 செ.மீ. நீளத்துக்கு ஈர்க்குச்சி ஒன்றை நறுக்கிக்கொள்ளுங்கள். நூல் வேண்டாம், இழுத்தால் நீளும். நடுவில் ஒரு நுனியை ஊன்றி வட்டம் போடுங்கள். அதே குச்சியால் வட்டத்தின் மேலேயே புள்ளி வைத்து அளந்துகொண்டு போனால், 6-வது அளவு, தொடங்கிய புள்ளியிலேயே வந்து விழும். ஒவ்வோர் அளவிலும் 2 மி.மீ. பிசகினாலும் கடைசியில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடிக்கும். கடைசிப் புள்ளியை மட்டும் நகர்த்தி ஒப்பேற்றினால் அந்த முனைதான் சூம்பும். அழித்துவிட்டு மறுபடி அளப்பதே மேல். ஒன்று விட்டு ஒன்றாகச் சேர்த்தால் இரண்டு முக்கோணங்கள். முனையில் விழும் குட்டி முக்கோணத்தின் பக்கம் 10.4 செ.மீ. வரும், 5 செ.மீ. அகல் தாராளமாக உட்காரும். வட்டம் சிறுத்தால் அகல் கோட்டில் ஏறி மாவைக் கலைத்துவிடும்.

புள்ளிக்கோலமாகப் போடுபவர்களுக்கு 1-4-3-4-1, ஊடுபுள்ளி (ஒரு வரிசைப் புள்ளி அடுத்த வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவில் வரும்). புள்ளிக்குப் புள்ளி 10 செ.மீ. என்றால் வரிசைக்கு வரிசை 8.7 தான். இரண்டையும் 10 ஆக வைத்தால் நட்சத்திரம் நெட்டையாகிவிடும்.

மேல்நோக்கிய முக்கோணம் சிவம், கீழ்நோக்கியது சக்தி. இரண்டும் கூடிய இடம் முருகன். யோகத்தில் நெஞ்சுக்கு உரிய அநாகதச் சக்கரத்தின் 12 இதழ்களுக்கு நடுவிலும் இதே உருவம்தான்.

‘யூதர்கள் இந்த நட்சத்திரத்தை நம்மிடமிருந்து எடுத்தார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். 1008-இல் எழுதப்பட்ட லெனின்கிராட் எபிரேயச் சுவடியில் இந்த உருவம் அலங்காரமாக இருக்கிறது. டெல்லி ஹுமாயூன் கல்லறையின் சுவரிலும் இருக்கிறது. இடைக்கால மந்திரவாதிகளுக்கு இது சாலமோனின் முத்திரை. இஸ்ரேல் கொடியில் ஏறியது 1948-இல். வட்டத்தை அதன் ஆரத்தாலேயே அளந்து பார்த்தவர் யாருக்கும் இது கிடைத்துவிடும். கடன் வாங்கத் தேவையில்லை.

முருகனுக்கு உரியதாக ஆக்குவது ‘சரவணபவ’ என்ற ஆறு எழுத்துகள். நடுவில் ‘ஓம்’. மேல் முனையில் ‘ச’ தொடங்கி வலமாக எழுதினால் ‘ண’ நேர் கீழே வரும். இரண்டு ‘வ’வும் எதிரெதிர் முனைகளில் இருக்கும். அப்படி இல்லையென்றால் நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது, விளக்கேற்றும் முன் பார்த்துவிடுங்கள்.