சோலார் ஜெனரேட்டர் வாங்கப் போகிறீர்களா? ஸ்டிக்கரைத் திருப்பிப் பாருங்கள்

மின்கம்பி எட்டாத இடத்தில் அம்மாவைச் சில மாதங்கள் தங்க வைக்க வேண்டியிருந்ததால், கையோடு எடுத்துச் செல்லக்கூடிய சோலார் ஜெனரேட்டர் ஒன்றை, அதாவது பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒன்றாக அடங்கிய, சோலார் பேனலில் சார்ஜ் ஆகும் பெட்டியை, தேடி அலைந்தேன். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பதால், சிறிய ஃபிரிட்ஜ் ஒன்று இரவும் பகலும் ஓடியாக வேண்டும். விளக்கும் விசிறியும் அதற்குப் பிறகுதான். நல்லபடியாக வாங்கி முடித்துவிட்டேன் என்றாலும், நேரான கேள்விக்கு நேரான பதில் கிடைக்காமல் அலைக்கழிந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

பேட்டரி வகையை முடிவு செய்வதில் சிரமமே இல்லை: லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றி இறக்கினாலும் தாங்கும், தினசரி உபயோகத்துக்கு அதுவே போதும். எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்பதில்தான் கடைக்காரர்கள் சொன்ன கணக்கும் என் கணக்கும் ஒத்துப்போகவில்லை. ஃபிரிட்ஜ் ஓடும்போது 70 வாட் இழுக்கிறது, கம்ப்ரசர் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஓடுகிறது என்று வைத்தால் ஒரு நாளைக்கு 560 வாட் ஹவர். விசிறிக்கு 300, விளக்குகளுக்கு 90 சேர்த்தால் 950. "அப்படியானால் 1000 வாட் ஹவர் பெட்டி தாராளம்" என்றார்கள். பேட்டரி மின்சாரத்தை இன்வெர்ட்டர் மாற்றித் தரும்போது ஏறக்குறைய 15 விழுக்காடு வீணாகும் என்பதையும், எந்தக் கருவியும் ஓடாதபோதுகூட இன்வெர்ட்டர் தன் பங்குக்கு 10 முதல் 20 வாட் வரை எடுத்துக்கொண்டே இருக்கும் என்பதையும் ஒருவரும் சொல்லவில்லை. இந்த இரண்டையும் சேர்த்தால் தேவை 1,500 வாட் ஹவரை நெருங்குகிறது. 1000 வாட் ஹவர் பெட்டி விடியும் முன்பே கைவிட்டிருக்கும்.

ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கட்டாயம் கேட்க வேண்டும். பல பெட்டிகளில் லோட் குறைந்தால் வெளியீட்டைத் தானாக நிறுத்திவிடும் சிக்கன வசதி உண்டு. கம்ப்ரசர் ஓய்வெடுக்கும் இடைவெளியைப் பெட்டி 'லோட் இல்லை' என்று எடுத்துக்கொண்டு அணைந்துவிட்டால், ஃபிரிட்ஜ் மறுபடி கிளம்பாது, மருந்து கெட்டுப்போகும். அந்த வசதியை முழுமையாக அணைத்து வைக்க முடியுமா என்று பொத்தானை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு கடையில் முன்பக்கம் 600 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் இருந்த ஸ்டிக்கரில் தொடர் திறன் 300 வாட் என்றும், 600 என்பது நொடிப்பொழுது தாங்கும் உச்சம் என்றும் இருந்தது. "ஃபிரிட்ஜ் நன்றாக ஓடும் சார்" என்று விற்பனையாளர் அடித்துச் சொன்னதால், அங்கேயே விற்பனைக்கு இருந்த ஒரு சிறிய ஃபிரிட்ஜை அதில் செருகிக் காட்டும்படி கேட்டேன். கம்ப்ரசர் உறுமத் தொடங்கிய நொடியிலேயே பெட்டி கீச்சிட்டு, திரையில் ஓவர்லோட் குறி மின்னி, அணைந்துவிட்டது. கிளம்பும்போது கம்ப்ரசர் ஓடும் அளவைப் போலப் பல மடங்கு இழுக்கும் என்பதை வாயால் வாதிட்டு நிறுவ வேண்டிய வேலை எனக்கு மிச்சமானது.

அதிகம் அலைய வைத்தது பேனல் பொருத்தம்தான். "எந்தப் பேனலும் சேரும்" என்பதே எல்லா இடத்திலும் பதில். உள்ளீட்டு வோல்டேஜ் வரம்பு எவ்வளவு என்று கேட்டால், சேவை மையத்தின் தொலைபேசியில் இருந்தவர் வாட் கணக்கையே திரும்பத் திரும்ப வாசித்தார். ஒரு பெட்டியின் வரம்பு 30 வோல்ட். திறந்த சுற்றில், அதாவது எதனோடும் இணைக்காதபோது, 22 வோல்ட் காட்டும் இரண்டு பேனல்களைத் தொடராக இணைத்தால் 44 வோல்ட் வந்து அதன் சார்ஜ் பகுதியையே பழுதாக்கிவிடலாம். குளிர் நேரத்தில் பேனலின் வோல்டேஜ் இன்னும் ஏறும் என்பதால் வரம்பை ஒட்டி வாங்குவதும் ஆபத்து. கடைசியில் கையேட்டின் அந்தப் பக்கத்தை அனுப்பினால்தான் வாங்குவேன் என்று மின்னஞ்சலில் எழுதிய பிறகே, நான் கண் வைத்திருந்த பெட்டிக்கு 60 வோல்ட் வரை தாங்கும் என்ற பதில் எழுத்தில் வந்தது. 2,048 வாட் ஹவர் கொண்ட அதையும், தலா 24 வோல்ட் காட்டும் இரண்டு 200 வாட் பேனல்களையும் வாங்கினேன்.

பேனல் எம்சி4 வகை முனையோடும் பெட்டி எக்ஸ்டி60 வகைத் துளையோடும் வந்தன, ஒன்றோடொன்று நேராகச் சேராது. பெட்டிக்குள் இருக்கும் என்று உறுதி சொன்ன இணைப்புக் கம்பி இல்லாததால் மறுபடி கடை ஏற வேண்டியதாயிற்று. பணம் கட்டும் முன் பெட்டியைப் பிரித்துக் கம்பியைக் கண்ணால் பாருங்கள். தனியாக வாங்கினால் நேர்முனையும் எதிர்முனையும் மாறியிருக்கிறதா என்று மல்ட்டிமீட்டரில் சோதித்த பிறகே செருகுங்கள்.

திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் முழு சார்ஜ் ஏற்றி, நிலையான லோட் ஒன்றைக் கொடுத்து, வாட் ஹவர் காட்டும் மீட்டர் வழியாகக் கடைசி வரை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. என்னுடையது 1,700 வாட் ஹவருக்குச் சற்று மேல் கொடுத்தது. அந்த மீட்டர் திரையைப் படம் எடுத்து, வோல்டேஜ் பற்றிய மின்னஞ்சலோடும் ரசீதோடும் சேர்த்து வைத்திருக்கிறேன், வாரண்டிக்குப் போகும்போது அதே சேவை மையத்தோடு தான் பேச வேண்டியிருக்கும்.