சுவர் காயக் காய எடை கூடுமா?

வேதியியல் வீடியோ என்றாலே முதலில் விதி, அப்புறம் சமன்பாடு, கடைசியில் ஒரு கணக்கு. கணக்கு வருவதற்குள் பிளஸ் ஒன் பிள்ளைகள் வேறு வீடியோவுக்குத் தாவியிருப்பார்கள். நான் எடுப்பவற்றில் கேள்விதான் முதல் காட்சி. மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அளவு) என்ற பேச்சே பாதிக்கு அப்புறம்தான்.

காரைக்குடியில் இருந்துகொண்டு கேள்விக்கா பஞ்சம்? செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் என்று எல்லாரும் சொல்வார்கள், சுண்ணாம்பை மறந்துவிடுவார்கள். என் கேள்வி இது: சுண்ணாம்புப் பூச்சின் ஈரம் காய்ந்த பிறகு, நாளாக நாளாக அதன் எடை கூடுமா, குறையுமா?

இந்த இடத்தில் வீடியோ நிற்கும். வகுப்பில் முக்கால்வாசிப் பேர், "குறையும் டீச்சர், மிச்சத் தண்ணியும் போயிரும்ல" என்பார்கள். எனக்கு வேண்டியது அந்தப் பதில்தான். எல்லாருக்கும் உடனே விடை தெரிகிற கேள்விக்கு வீடியோ எதற்கு?

அடுத்து, தராசில் 74 கிராம் நீற்றிய சுண்ணாம்புத் தூள். கால்சியம் ஹைட்ராக்சைடின் ஒரு மோல் அது, அப்போது சொல்வதில்லை. தட்டில் பரப்பி, தண்ணீர் தெளித்து, நன்றாகக் காய்ந்ததும் எடை போடுவேன். ஈரம் பட்டால்தான் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அது ஒழுங்காக இழுக்கும். முழுக்க மாறினால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு, 18 கிராம் தண்ணீரை விட்டு, 100 கிராம் கால்சியம் கார்பனேட் ஆகவேண்டும். திரையில் தராசின் எண்ணும் என் கையும் மட்டும். (பின்னணி இசை போடச் சொல்லி மகள் நச்சரிக்கிறாள். எண் ஏறுவதைப் பார்க்க இசை எதற்கு?)

எடை ஏறியது, ஆனால் நூறைத் தொடவில்லை. "கணக்கு தப்பா, சுண்ணாம்பு தப்பா டீச்சர்?" என்றான் ஒரு பையன். அதுவே அடுத்த வீடியோ. தட்டின் ஓரத்தில் திரண்டு கெட்டித்த கட்டியை உடைத்து, பினாப்தலீன் ஒரு சொட்டு விட்டேன்; மாறாத சுண்ணாம்பில் சிவக்கும், கார்பனேட்டில் சிவக்காத நிறங்காட்டி அது. வெளி விளிம்பு வெள்ளையாகவே இருந்தது; உள்ளே பளிச்சென்று இளஞ்சிவப்பு. மேலே படிந்த கார்பனேட் ஓடு, காற்றை உள்ளே எளிதில் விடுவதில்லை.

அப்படியானால் பழைய சுவரின் உட்பூச்சு இப்போது எப்படி இருக்கும்? ஒரு வீட்டை இடிக்கிறார்கள், கொத்தனாரிடம் பூச்சுத் துண்டு கேட்டிருக்கிறேன். பின்னால் சிமெண்டால் ஒட்டுப்போட்ட இடத்தில் எடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன், சிமெண்டும் சிவக்கும்.