சோளகம் 22

யூலை 9

அப்பாவின்ர ரிப்போட் வரேல்லை.

யூலை 11

அப்பா யூரியாப் பையின் அடியை வெட்டி எடுத்தார். காற்றுத் திசை பார்க்கிற காற்றுப்பைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம், இரண்டும் திறந்திருக்கவேணும். உடைந்த வாளியின் கைபிடிக் கம்பியை வட்டமாக வளைத்து வாய்க்கு வைத்து, சாக்கு ஊசியால் நெருக்கமாகத் தைத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் இடது கை கழுத்துப் பிளாஸ்டருக்குப் போய்விட்டு வந்தது. பின்னேரம் தடியில் கட்டி வளவு மூலையில் நட்டோம்.

விமான நிலையத்துக் காற்றுப்பை 15 நொட் (மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீற்றர்) காற்றில் முழுதாக நீண்டு நிற்கும். எங்கள் பை அரைவாசிதான் எழும்பியது. “பை பாரமப்பா, காத்தில பிழை இல்லை” என்றார்.

யூலை 12

இரவு முழுக்க ஓடுபாதை இலக்கங்கள். திசைகாட்டியின் பாகையை எடுத்துக் கடைசிப் பூச்சியத்தை விட்டால் ஓடுபாதையின் பெயர். கட்டுநாயக்கா 04/22. ஒரு முனையிலிருந்து ஓடினால் 40 பாகை, மறுமுனையிலிருந்து 220. விமானம் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் ஏறவும் இறங்கவும் வேணும்.

220 பாகை என்றால் தென்மேற்கு. சோளகம் வருகிற திசை! 40 என்றால் வடகிழக்கு, வாடை. இரண்டு பருவக்காற்றையும் ஒரு தாரில் எழுதி வைத்திருக்கிறார்கள். இதை விடியவே அப்பாவிடம் சொன்னேன். நெல் தூற்றுகிறவருக்கு அது புதினமாகவே படவில்லை. “வேற எந்தப் பக்கம் போடுறது?” என்றார்.

எனக்கு மட்டும் இன்னும் நெஞ்சு படபடக்கிறது.

யூலை 14

“படிச்சு முடிச்சால் பிளேன் ஓட்டலாமோ?”

“இல்லையம்மா. ஓட்டுறதுக்கு வேற லைசன்ஸ். அமெரிக்காவில வழமையா ஆகக் குறைஞ்சது 40 மணித்தியாலம் பறக்கவேணும், அதுக்கு வேற காசு.”

“அப்ப என்னத்துக்கு?”

பதில் சொல்லத் தெரியாமல் கிணற்றடிக்குப் போனேன். என் பிரதான பாடம் புள்ளிவிபரவியல், அது மாறாது. விமானவியல் பக்கத்தில் ஒரு துணைப்பாடம், 18 கிரெடிட்: வானிலை, வழிகாட்டல், வான்சட்டம், விபத்தை எப்படி ஆராய்வது, களைத்த மனிதர் எப்படிப் பிழை விடுவார். விமானம் விழுந்தால் யாரைக் குற்றம் சொல்வது என்று தொடங்காமல், என்ன நடந்தது என்று செக்கன் செக்கனாகக் கேட்கிற படிப்பு. அதை அம்மாவுக்கு எந்தச் சொல்லில் சொல்வது?

அதற்கான போம் 31 நள்ளிரவு மூடும். அங்கத்தை நள்ளிரவு. இங்கே ஓகஸ்ட் 1, காலை 9.30.

யூலை 17

வெயில் 35. நியம வளிமண்டலத்தில் கடல்மட்டத்துக்கு 15 பாகைதான். கூடின ஒவ்வொரு பாகையும் ஏறக்குறைய 120 அடி உயரம் ஏறினதுக்குச் சமம். ஆக, இன்று இந்த வளவில் நிற்கிற விமானத்துக்கு, தான் 2400 அடி உயரத்தில் நிற்பது போலத்தான் இருக்கும். காற்று ஐதாகிவிட்டது, செட்டைக்குப் பிடிமானம் குறைவு, எஞ்சினுக்கும் மூச்சுக் குறைவு, ஓட வேண்டிய தூரம் கூட.

அப்பா மத்தியானம் சாப்பிடவில்லை. விழுங்க நோகிறதாம்.

யூலை 19

அடுத்த கிழமையாம்.

யூலை 20

அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. நான் எதிரே கொப்பியோடு.

“உன்ர படிப்பில கிபிரும் வருமோ?”

குண்டு போட்ட அந்தப் போர் விமானமும் வரும் என்றேன். மிராஜ் 5 இன் உடம்பு, ஜே79 எஞ்சின் என்று சொல்லத் தொடங்கி நிறுத்தினேன். அம்மாவுக்கு அந்தப் பெயர்கள் வேண்டாம். சகடை, பொம்மர், வண்டு, கிபிர் எல்லாவற்றையும் காதாலேயே பிரித்தறிந்தவ. வேவு பார்க்கிற வண்டு கனநேரம் சுற்றினால் பின்னால் கிபிர் வரும் என்று தெரிந்தவ. எனக்கு அப்போது ஐந்து வயது. பங்கரின் ஈரமண் மணமும், என் இரண்டு காதையும் பொத்திய அம்மாவின் உள்ளங்கையும்தான் நினைவு. அதனால் அந்தச் சத்தத்தை நான் முழுதாகக் கேட்டதே இல்லை.

“சத்தம் கேட்டு எவ்வளவு நேரத்தில ஆள் மேல வருவான்?”

கொப்பியில் போட்டுக் காட்டினேன். மூன்று கிலோமீற்றருக்கு அப்பால், மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறான் என்று வைப்போம். செக்கனுக்கு 250 மீற்றர். தலைக்கு மேல் வர 12 செக்கன். அந்த இடத்தில் கிளம்பிய சத்தம் செக்கனுக்கு 340 மீற்றர் ஓடி, ஏறக்குறைய 9 செக்கனில் எங்களிடம் வரும்.

“மிச்சம் மூண்டு.”

“மூண்டு செக்கனோ?”

“ஓம். இன்னும் பதிவாக, மரங்களுக்கு மறைவால வந்தால் அதுவும் இல்லை.”

கத்தி நின்றது. தண்ணீருக்குள் கிடந்த கத்தரிக்காய்த் துண்டுகளை விரலால் ஒருக்கால் அமிழ்த்தினா. அவை திரும்ப மிதந்தன.

“கிணத்தடியில இருந்து பங்கருக்கு இருபது கவடு. நான் பிந்தீட்டன் எண்டெல்லோ இவ்வளவு காலமும் நினைச்சனான்.”

அண்ணாவைப் பற்றி. நானும் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை. அந்தத் தாளைக் கிழித்துத் தா என்றா. கொடுத்தேன். மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டா.

யூலை 21

சோளகம் விசர் பிடித்த மாதிரி. பை இன்று முழுதாக நீண்டு நின்றது. அப்பா கதிரையைத் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யூலை 24

இரணைமடுக் குளத்தில் நீர் நன்றாக வற்றிவிட்டது. நீர்க்காகம் ஒன்று தண்ணீரில் காலை அடித்து அடித்து ஓடி எழும்பியது. எந்தப் பக்கம் என்று பார்த்தேன். தென்மேற்கு. அடுத்ததும் அப்படியே. ஒன்றுகூடக் காற்றுக்கு முதுகு காட்டவில்லை. பதினொன்றுவரை எண்ணினேன்.

யூலை 26

இன்றைக்கு ஒன்றும் வேண்டாம் போலிருக்கிறது. 18 கிரெடிட்டும் வேண்டாம், திரும்பிப் போகவும் வேண்டாம். அப்பா மெலிந்துவிட்டார். சேட்டின் கழுத்துப்பட்டிக்குள் என் இரண்டு விரல் போகிறது.

யூலை 28

ஃபோன் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் மூவரும் ஒன்றாக எழும்புகிறோம்.

யூலை 30

எடுத்தார்கள். ரிப்போட் வந்துவிட்டதாம். என்ன என்று சொல்லவில்லை. நாளையிண்டைக்கு வீட்டுக்காரர் ஒருவரோடு நேரில் வரட்டாம்.

யூலை 31

நித்திரை இல்லை. அப்பாவும் முழிப்பு. முற்றத்தில் இருந்து, “வடக்க போற அந்த லைட் எங்க போகுது?” என்றார். சென்னைக்காக இருக்கலாம் என்றேன். உயரம் கேட்டார். சொன்னேன். அங்கே குளிர் எவ்வளவு என்றார். 35,000 அடியில் பூச்சியத்துக்குக் கீழே 54 என்றேன். “சரியான குளிர்” என்று சொல்லித் துவாயைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

ஓகஸ்ட் 1, காலை 6.10

வவுனியா பஸ்ஸுக்கு வெளிக்கிடுகிறோம். போமில் எல்லாம் நிரப்பியாச்சு, அனுப்புவதுதான் மிச்சம். நான் செருப்புப் போடும்போது அம்மா படலையடியில் நின்று, “அந்தப் போமை அனுப்பீட்டியோ?” என்றா. இன்னும் இல்லை. மாங்குளம் தாண்டமுன் சிக்னல் வரும். அப்பா முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டார்.