தலைகீழாக வரைந்தவர்

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரருக்கு நேராகத் தெரியும்படி பிளானைத் தலைகீழாக வரையப் பழகினேன். சொல்லிக்கொடுத்த சீனியர், "இது பால் வில்லியம்ஸ் கைவித்தை, தம்பி" என்றார். வாசலில் தொடங்கி ஹால், சமையலறை, மாடிப்படி என்று பேசப் பேசவே கோடு ஓட வேண்டும். படிக்கட்டு ஏறும் திசைதான் என்னை அதிகம் படுத்தியது. கை படிய ஆறு மாதம் ஆயிற்று. வீட்டுக்காரர்கள் வியந்தபோது பெருமையாக இருந்தது.

அந்த வித்தை எங்கிருந்து வந்தது என்பதைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொழில் செய்த கட்டடக்கலைஞர் பால் வில்லியம்ஸ் கறுப்பர். வீடு கட்ட வந்த வெள்ளைக்காரர்களில் பலர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பார்க்கவே நெளிந்தார்கள். அதனால் எதிர்ப்பக்கம் இருந்தபடியே வரையக் கற்றுக்கொண்டார். சைட்டுக்குப் போனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பாராம். கை கொடுப்பதா வேண்டாமா என்பதை எதிரே வருபவரே முடிவு செய்துகொள்ளட்டும் என்றுதான். அதைப் படித்த அன்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். நான் திறமை என்று கொண்டாடியதற்குள் இவ்வளவு வலி இருந்திருக்கிறது.

1894இல் பிறந்தவர். நான்கு வயதிலேயே தாயும் தகப்பனும் இல்லை. கட்டடக்கலை படிக்கப்போகிறேன் என்றதும் பள்ளி ஆசிரியர் தடுத்தார்: உன் மக்களிடம் காசு இல்லை, வெள்ளைக்காரர்கள் உன்னிடம் வரமாட்டார்கள் என்று. 1923இல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் முதல் கறுப்பின உறுப்பினர் ஆனார். கார் தயாரிப்பாளர் கார்ட் மாளிகை கட்ட ஆள் தேடியபோது, மற்றவர்கள் வாரக்கணக்கில் தவணை கேட்டார்கள். இவர் மறுநாள் மாலை 4 மணிக்கே பிளானைக் கொண்டுபோய் வைத்தார். இரவு முழுக்கத் தூங்காமல் வரைந்ததை அவரிடம் சொல்லவில்லை. டெட்லைனுக்காகக் கண்விழித்த எவருக்கும் அந்த மௌனம் புரியும்.

2000க்கும் மேற்பட்ட கட்டடங்கள். அவற்றில் பல இருந்த தெருக்களில் அவரே குடியேற முடியாது. கறுப்பருக்கு இடமில்லை என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தது. அழகான வீடுகளை வரைந்துவிட்டுத் தன் சின்ன வீட்டுக்குத் திரும்பும் மாலையைப் பற்றி 1937இல் ஒரு பத்திரிகையில் அவரே எழுதினார். அப்படிப்பட்ட பத்திரங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகுதான் லாஸ் ஏஞ்சலிஸின் லஃபாயெட் சதுக்கம் என்ற குடியிருப்புப் பகுதியில் தனக்கென்று ஒரு வீடு வரைந்து கட்டிக்கொண்டார். அப்போது வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தது.

இப்போது என்னிடம் வேலை பழக வருகிற பிள்ளைகளுக்கும் தலைகீழாக வரையக் கற்றுத்தருகிறேன். அது ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளான் ஓரளவு உருவானதும், நாற்காலியை இழுத்துக்கொண்டு வீட்டுக்காரர் பக்கத்தில் போய் உட்காரவும் சொல்கிறேன்.